கொம்பும் காலும்

வூப்பர்டால் நீதிமன்றத்துக்காக
ஒரு கிரயப் பத்திரத்தை
ஜெர்மனில் பெயர்த்துக்கொண்டிருந்தபோது பார்த்தேன்:
'கொள்ள' என்ற சொல் வரி முனையில் உடைந்து கிடந்தது.
கொம்பும் ககரமும் மேலே.
கால் மட்டும் அடுத்த வரியில்,
பேருந்தைத் தவறவிட்டவரைப் போல.

குற்றம் என் தட்டச்சில் இல்லை,
எழுத்துகளை வரிசையில் நிறுத்தும் இலவச மென்பொருளில்.
யாரும் திறக்கலாம், யாரும் திருத்தலாம்.
திறந்தேன்.
நான்கு இரவு, பதினொரு வரி.
ஜன்னலுக்குக் கீழே, ஆற்றுக்கு மேலே,
கடைசித் தொங்கு ரயிலும் போய்விட்டிருந்தது.

சோதனைக்கு ஒரு சொல் வேண்டும்.
பொற்கொடி என்று என் பெயரையே தந்திருக்கலாம்,
இரண்டு கொம்பு, இரண்டு கால்.
வெட்கமாக இருந்தது.
கொசு என்று வைத்தேன்.

பிறகு ஒப்பந்தம் வந்தது:
பங்களிப்பை ஏற்குமுன் கையொப்பமிடுக.
குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் அப்பாவை எழுதினேன்.
ஓய்வுபெற்ற மின்வாரியக் கணக்கர், கணினியைத் தொட்டதில்லை.
மதிப்பிற்குரிய திரு. வைத்தியலிங்கம்,
தங்கள் படிவம் பாதியில் நிற்கிறது
என்று மறுநாளே அவருக்கு நினைவூட்டல்.

நிரந்தரமாக, உலகெங்கும், மீளப்பெற முடியாதபடி,
பிறருக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தோடு.
எங்கோ கேட்ட குரல்.
பக்கத்து ஜன்னலில் பத்திரம் திறந்தே இருந்தது:
தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்,
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்,
சந்திராதித்தர் உள்ளவரை
சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்
கொள்ள.
மன்னார்குடியின் மூன்றேகால் சென்ட் மனைக்கும்
என் பதினொரு வரிக்கும்
ஒரே வக்கீலா?

மனைக்காவது நாலெல்லை உண்டு.
வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாசிமுத்து வீடு.
என் வரிகளுக்கு வடக்கே யார்?

நான்காம் பிரிவு:
இது முழுக்க உங்கள் சொந்த ஆக்கம் என உறுதி கூறுகிறீர்கள்.
அங்கே கை நின்றது.
ஏழாம் வரியில் ஒரு சமக்குறி.
மேல்மாடி நினோ,
கெட்டிலில் படிந்த சுண்ணாம்பைக் கரைக்க
வினிகர் கேட்டு வந்தவள்,
திரையைப் பார்த்தாள்,
'சிறியது' குறிக்குப் பின்னால் ஈர விரலால்
அதைத் தட்டிவிட்டுப் போனாள்.
அதன் பிறகுதான் கால் வந்து ககரத்தோடு சேர்ந்தது.

படியேறிக் கேட்டேன்.
"என் பேரைப் போடாதே.
நான் யோசிப்பதெல்லாம், ஞாயிற்றுக்கிழமை யோசித்தாலும்,
டூசல்டார்ஃப் காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொந்தம்.
ஒரு சமக்குறிக்கு அனுமதி கேட்டால்
சட்டப்பிரிவு ஆறு மாதம் கூடிப் பேசும்.
வினிகரைத் திருப்பித் தரட்டுமா?"

இறங்கி வந்து சமக்குறியை அழித்தேன்.
பதிலுக்கு எல்லையில் ஒன்றைக் கூட்டினேன்.
அதே விடை, கொஞ்சம் அசிங்கமான வழி,
ஆனால் என்னுடையது.
என்னுடையதுதானா?
பிறர் வாக்கியங்களுக்கு முத்திரை குத்திப் பிழைப்பவள்,
மூலத்துக்கு உண்மையாக என்று
ஆயிரம் தாளில் சத்தியம் செய்தவள்.

இந்த நாட்டில் ஆக்கியவர் உரிமையை விற்கவே முடியாது,
செத்தால்தான் கைமாறும்.
படிவத்துக்கு அதுவும் தெரிந்திருந்தது:
முடியாத இடத்தில், முடிந்த அளவு.
கட்டத்தில் குறியிட்டேன்.

பத்து வாரம் கழித்துப் புதிய பதிப்பு.
என் பதினொரு வரியையும் காணோம்.
ஃபிரைபுர்கில் யாரோ
மூன்றே வரியில் நேர்த்தியாக முடித்திருந்தார்,
இரண்டாம் வரியில்
அந்தச் சமக்குறி.
நிரந்தர உரிமை அவர்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது,
மனைதான் இல்லை.

கோபம் வந்தது.
தொங்கு ரயிலில் நான்கு நிறுத்தம் வரை இருந்தது.
வீட்டுக்கு வந்து பத்திரத்தைத் திறந்தேன்.
கொள்ள.
முன்னே கொம்பு, பின்னே கால்,
நடுவில் ககரம் குளிருக்கு ஒண்டியதுபோல்.

சோதனைக் கோப்பை மட்டும் யாரும் தொடவில்லை.
ஒவ்வொரு பதிப்புக்கு முன்னும்
இயந்திரம் அதை எடுத்து வரி முனையில் நிறுத்தி
உடைகிறதா என்று பார்க்கும்.
சந்திராதித்தர் உள்ளவரை
ஒரு கொசு.